பொதுச் சைக்கிள் பட்டறைச் சந்தா: மூன்று வருடமும் ஒரு வரியும்

தொண்டியில் இருக்கும் நண்பர் போன வாரம் போன் பண்ணினார். அவர்கள் ஊரிலும் பொதுச் சைக்கிள் பட்டறை போடப் போகிறார்களாம். "உங்களை மாதிரியே சந்தா வச்சு நடத்தலாமா?" என்று கேட்டார். என்ன பதில் சொன்னேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. அன்றைக்கு மதியத்துக்குள் ஒன்பது பஞ்சர். அதனால் நல்ல வார்த்தை எதுவும் வந்திருக்காது. கொஞ்சம் ஆறிய பிறகு இதை எழுதுகிறேன்.

எங்கள் பட்டறை கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஏர்வாடிக்கும் சாயல்குடிக்கும் நடுவில் இருக்கிறது. ஸ்டாண்டு, ஸ்பேனர் செட்டு, கால் பம்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஊர்க்காரர்கள் காசு போட்டு வாங்கியவை. சந்தா வருடத்துக்கு 300 ரூபாய். கட்டியவர்கள் சாமானை எடுத்துத் தாங்களே வேலை பார்த்துக்கொள்ளலாம். காற்று சும்மா. முழுசாகப் பிரித்துத் துடைத்து எண்ணெய் விடுகிற ஓவராயிலுக்குப் பாதிக் கூலி. இதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை. சந்தா அட்டையின் கடைசி வரியில்தான் சனி உட்கார்ந்திருக்கிறது: "பஞ்சருக்குக் கூலி இல்லை." எழுதியவன் நான்தான்.

இந்த மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் இப்படி ஒரு வரியை எழுதலாமா? ராமநாதபுரத்தில் தண்ணீருக்குப் பஞ்சம் உண்டு, முள்ளுக்குப் பஞ்சம் உண்டா? சீமைக் கருவேலம் இல்லாத கண்மாய்க்கரை கிடையாது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரைக்கும் வழக்குப் போன மரம் அது. அந்த மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்களும் இங்கே ஏராளம், மரத்தை மட்டும் திட்டவும் முடியாது. ஆனால் விறகு ஏற்றிக்கொண்டு ஒரு டிராக்டர் சாலையில் போனால், அடுத்த அரைமணி நேரத்தில் என் வாசலில் நாலு சைக்கிள் நிற்கும். டிராக்டர் சத்தம் கேட்டதுமே தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

சந்தாதாரர்களில் பாதிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகள். பிளஸ் ஒன்னில் அரசு கொடுக்கிற சைக்கிள். சாலையில் வந்தால் சுற்று என்று முள்ளுக்காட்டுக்குள் இருக்கும் ஒற்றையடிப் பாதையில்தான் வருவார்கள். "ஏன் தம்பி அந்தப் பக்கம் வர்றே?" என்று கேட்டால், "பஞ்சருக்குத்தான் காசு இல்லையேண்ணே" என்று சிரிக்கிறான் ஒருவன். அவன் சொல்வது நியாயம். அதனால்தான் எனக்குக் கோபம்.

வருகிற பஞ்சரெல்லாம் பஞ்சரும் இல்லை. பாதி வால்டியூப், வால்வில் மாட்டியிருக்கும் ரப்பர்க் குழாய். அந்தச் சின்ன ரப்பர் இற்றுப்போனால் காற்று மெதுவாக இறங்கும். விரலில் எச்சில் தொட்டு வால்வு வாயில் வைத்தால் குமிழி வரும், அவ்வளவுதான் சோதனை. வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்று நூறு தடவை சொல்லியாயிற்று. யாரும் பார்க்கிற மாதிரி தெரியவில்லை. என் எச்சில்தான் செலவாகிறது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கணக்கில் ஏறிய பஞ்சர்களில் சில என் கைங்கர்யம். முதல் வருடம் ஒரு பிளஸ் ஒன் பிள்ளை திங்கள், புதன், வெள்ளி என்று மூன்று நாள் வந்தது. அதே பின்சக்கரம், ஏறக்குறைய அதே இடம். ஒவ்வொரு தடவையும் டியூபைக் கழற்றி, தண்ணீரில் முக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒட்டுகிற பசையான சொல்யூஷன் தடவி, அது காய்ந்து பளபளப்பு போகிற வரை பொறுத்திருந்து, ரப்பர் ஒட்டி, சுத்தியலால் தட்டி அனுப்பினேன். வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளையோடு தாத்தாவும் வந்தார். வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை பார்த்தவர்.

"டயருக்குள்ள கைய விட்டுப் பாத்தியாப்பா?"

"பாத்தேன் மாமா, ஒண்ணும் இல்ல."

நம்பாமல் என் கையிலிருந்து டயரை வாங்கினார். தோளில் கிடந்த துண்டின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு உள்பக்கமாக மெதுவாக ஓட்டினார். முக்கால் சுற்று போனதும் துண்டு சுள்ளென்று மாட்டி நின்றது. ஒரு நூல் எழும்பியது. குனிந்து பார்த்தால் டயர் நிறத்திலேயே ஒரு கருவை முள்ளின் நுனி, அரிசி மூக்கு அளவுகூட இல்லை. மீதி முள் வெளியே உடைந்து விழுந்து எத்தனை நாளாயிற்றோ. விரலால் தடவினால் தெரியாது, பாரம் ஏறி உட்கார்ந்தால்தான் உள்ளே நீட்டும். நகவெட்டியால் பிடித்து இழுத்ததும் வந்துவிட்டது. மூன்று நாளும் நான் டியூபுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன், நோய் டயரில் இருந்திருக்கிறது. அன்றிலிருந்து தொட்டிக்கு மேலே ஆணியில் ஒரு பழைய துண்டு தொங்குகிறது.

அவர் இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி டயருக்குள் படுக்கையாகப் போடுவது. மிதிக்கக் கொஞ்சம் கனமாக இருக்கும், ஆனால் சின்ன முள் உள்ளே எட்டாது. பால் ஊற்றுகிற தம்பி ஒருவன் மாதத்துக்கு ஏழெட்டு தடவை வந்துகொண்டிருந்தான். படுக்கை போட்ட பிறகு அவன் முகத்தையே மறந்துபோனேன்.

அடுத்த தலைவலி அட்டை யாருக்கு என்பது. நான் ஆளுக்கு ஒரு அட்டை என்று நினைத்தேன். ஊர் அதைத் தலைக்கட்டு வரியாக எடுத்துக்கொண்டது. வீட்டுக்கு ஒன்று கட்டினால் வீட்டில் இருக்கிற எல்லாச் சைக்கிளுக்கும் சேர்த்துத்தானே என்றார்கள். மச்சான் சைக்கிள், மதினி சைக்கிள், விருந்துக்கு வந்தவர் சைக்கிள் எல்லாம் ஒரே அட்டையில் வந்தன. ஆறு மாதம் சண்டை போட்டுப் பார்த்தேன். பிறகு அட்டையில் "பெயர்" என்று இருந்த இடத்தை அடித்துவிட்டு "வீடு" என்று எழுதிவிட்டேன். அன்றிலிருந்து சண்டை இல்லை.

பணம் வாங்குகிற மாதத்திலும் முதல் வருடம் தப்பு செய்தேன். ஏப்ரலில் கேட்டேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக்குப் போகிறவர்கள் வீட்டில் அப்போது 300 ரூபாய் கேட்பது மனிதன் செய்கிற காரியமா? இப்போது ஜூலைக்கு மாற்றியிருக்கிறோம். படகு போய் வந்து கையில் நாலு காசு புழங்கும்போது கேட்காமலே கொடுக்கிறார்கள்.

உப்புக் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, தொண்டியிலும் அதே கடல்தான். மீன் பெட்டி வைக்கிற சைக்கிளை மட்டும் கவனியுங்கள். ஐஸ் தண்ணீர் சொட்டிச் சொட்டிப் பின்சக்கரத்துப் பல்சக்கரமான பிரீவீல் இறுகிவிடும். பின்சக்கரத்தில் 40 கம்பி, அவற்றை ரிம்மில் பிடித்திருக்கும் நிப்பிள்களில் நாலு திரும்பினால் அன்றைக்கு நல்ல நாள். வருடத்துக்கு ஒரு ஓவராயில் நம் கரைக்குப் பத்தாது. மழைக்கு முன்னால் ஒன்று, தையில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்த வரிக்கு வருகிறேன். நியாயமாகச் சொன்னால் இந்தப் பட்டறையில் உருப்படியாக நடந்த காரியம் அதனால்தான் நடந்தது. முன்பெல்லாம் கூலிக்குப் பயந்து காற்றை அடித்து அடித்து ஓட்டுவார்கள். அப்புறம் காற்றே இல்லாமல் உருட்டுவார்கள், சிலர் ஏறியே மிதிப்பார்கள். டியூப் மடிந்து வால்வு அடியில் கிழியும், ரிம் ஓரம் டயரை அறுத்துவிடும். ஒரு முள்ளில் தொடங்கியது டயரும் டியூபும் புதிதாக வாங்குவதில் போய் முடியும். கூலி இல்லை என்றதும் முள் குத்திய அன்றைக்கே கொண்டுவருகிறார்கள். முதல் வருடம் டியூப் விற்ற வேகம் என்ன, இப்போது வாங்கி வைத்த டியூப் ஆணியிலேயே தொங்குகிறது.

ஊருக்கு லாபம். பட்டறைக்கு? டியூப், டயர் விற்பதில் நின்ற காசில்தான் சொல்யூஷனும் ரப்பரும் வாங்கிக்கொண்டிருந்தோம். அந்த வருமானத்தை அந்த வரியே தின்றுவிட்டது. இதை யாரிடமும் புகாராகச் சொல்லவும் முடியவில்லை. "டயர் கெட்டுப்போகாம இருக்குன்னு வருத்தப்படுறியா?" என்று கேட்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. தொட்டியடியில் உட்கார்ந்து நான் ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்த பிள்ளைகளில் ஏழெட்டுப் பேர் இப்போது தாங்களே ஒட்டுகிறார்கள். துண்டு சுற்றிப் பார்க்காமல் எவனும் டயரை மாட்டுவதில்லை. அந்த முள் பிள்ளை பிளஸ் டூ முடித்துப் போய்விட்டது. போவதற்குள் பெடல் கட்டையை அச்சோடு இறுக்கியிருக்கும் காட்டர் பின் கழற்றுகிற வரைக்கும் கற்றுக்கொண்டது, அதுவும் பின்னை வளைக்காமல்.

ஆகவே தொண்டி நண்பருக்கு என் பதில்: சந்தா வையுங்கள், வீட்டுக்கு ஒன்று வையுங்கள், ஜூலையில் வாங்குங்கள். அந்த வரியை மட்டும் போடாதீர்கள். மேலே சொன்ன பெருமையெல்லாம் இருக்கட்டும், போடாதீர்கள். மனசு கேட்காவிட்டால் மாதத்துக்கு இரண்டு என்று கணக்கு வையுங்கள். எங்கள் அட்டையில் அதை அடித்துவிடலாமே என்று கேட்பீர்கள். அடித்துவிட்டு இந்த ஊருக்குள் யார் குடியிருப்பது?

பம்பு வாங்கும்போது தோல் வாஷர் போட்டதாகப் பார்த்து வாங்குங்கள், காய்ந்தால் தேங்காயெண்ணெய் விட்டால் போதும். மீதியை நேரில் வந்து பாருங்கள். வரும்போது சொல்யூஷன் ஒரு டப்பா வாங்கி வந்தால் உபகாரமாக இருக்கும்.