தாடி ஓணானுக்கு எந்த விளக்கு: சுருள் பல்பா, மெர்க்குரி பல்பா, டியூபா?

பியர்டட் டிராகன் என்கிற தாடி ஓணானை வளர்ப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு தீனியில்தான் சுற்றும். பூச்சி எத்தனை, கீரை எது, பொடி எப்போது தூவுவது. ஆனால் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வைக்கும் சிக்கல்களில் பெரும் பங்கு, தொட்டிக்கு மேல் தொங்கும் விளக்கில்தான் ஆரம்பிக்கிறது என்பது என் எண்ணம்.

சிட்னியில் எங்கள் வீட்டில் இரண்டு தாடி ஓணான்கள் இருக்கின்றன. (நியூ சவுத் வேல்ஸில் இதற்கு உரிமம் வேண்டும். முதலில் அதை எடுத்துவிடுங்கள்.) ஒன்று குஞ்சிலிருந்து எங்களிடம் வளர்ந்தது. இன்னொன்று சோமு. வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்திடமிருந்து தொட்டி, பாறை, விளக்கு என்று தட்டுமுட்டுச் சாமான்கள் எல்லாவற்றோடும் வந்தவன். அவனுக்கு என்ன விளக்கு போடுவது என்று முடிவெடுக்க வேண்டி வந்தபோது மூன்றையும் அலச வேண்டியதாயிற்று. நான் எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஒளியைக் கீழே திருப்பும் ரிஃப்ளெக்டர் வைத்த நீள டி5 டியூப் (ஒல்லியான டியூப்லைட் ரகம்).

விளக்குக்கு இத்தனை முக்கியத்துவம் ஏன்? இந்த ஓணானின் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதி. விடிந்ததும் வேலிக்கம்பத்தில் ஏறி வெயில் காய்வதுதான் முதல் வேலை. வெயிலில் உள்ள யூவிபி (புற ஊதாக் கதிரில் ஒரு வகை) தோலில் பட்டு, உடல் சூட்டின் துணையோடு வைட்டமின் டி3 உருவாகிறது. டி3 போதாவிட்டால் தின்ற கால்சியம் குடலிலிருந்து ரத்தத்துக்கு ஒழுங்காக ஏறாது. ரத்தத்தில் குறைந்ததை உடல் எலும்பிலிருந்து உருவி எடுத்துக்கொள்ளும். வளர்ப்பவர்கள் எம்பிடி என்று சொல்லும் எலும்பு நோய் இப்படித்தான் வருகிறது. எவ்வளவு கால்சியம் பொடி தூவினாலும் கதிர் இல்லையென்றால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம்.

சோமு வந்தபோது மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. நன்றாகத் தின்றான். ஆனால் கிளையில் ஏறி நின்றதும் பின்னங்கால் விரல்கள் மட்டும் படபடவென்று துடிக்கும். நாலைந்து நொடியில் நின்றுவிடும். குளிர் நடுக்கமாக இருக்கலாம் என்றால், 40 டிகிரிச் சூட்டுப் பாறையில் படுத்திருக்கும்போதும் துடித்தது. நடக்கும்போது வயிறு தரையில் தேய்ந்தது. உடம்பு நன்றாக இருக்கும் ஓணான் முன்கால்களை ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் எடுத்துப் பார்த்த மருத்துவர், ஆரம்ப நிலைதான் என்று கால்சியம் சிரப் கொடுத்தார். அடுத்து அவர் கேட்டது: “என்ன விளக்கு போடுகிறீர்கள்? எப்போது வாங்கியது?”

கீழ்த்தாடை ரப்பர் போல மெத்தென்று ஆவது, கால்கள் வீங்குவது, முதுகெலும்பு கோணுவது எல்லாம் முற்றிய பிறகு வருபவை. கோணிய எலும்பு பழையபடி நிமிராது. விரல் துடிக்கிற கட்டத்திலேயே பிடித்துவிட வேண்டும். அதே நேரம், துடிப்புக்கு அடினோவைரஸ் போன்ற வேறு காரணங்களும் உண்டு என்பதால் வீட்டிலேயே நோயைத் தீர்மானித்து மருந்து ஊற்றக் கூடாது. இன்னொன்று: வெயில் காயும்போது வாயைப் பிளந்து வைத்திருப்பது நோயல்ல, உடல் சூட்டைத் தணிக்கும் வழி. குளிர்ந்த மூலையிலும் வாய் திறந்தே இருந்து, மூக்கிலோ வாயிலோ சளிக் குமிழ் தெரிந்தால்தான் சுவாசத் தொற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

சரி, விளக்குகளுக்கு வருவோம்.

சுருள் பல்பு சோமுவோடு கூடவே வந்தது. சாதாரண ஹோல்டரில் மாட்டலாம், 40 டாலர் சுமாருக்குக் கிடைக்கும். நல்ல விஷயங்கள் அவ்வளவுதான். ஒளி ஒரு சின்ன வட்டத்தில் விழும். ஓணான் அரை அடி தள்ளிப் படுத்தால் கதிர் கிடையாது. 2007 வாக்கில் சில பிராண்டுகளின் சுருள் பல்புகள் மிகக் குறுகிய அலைநீளக் கதிர்களை விட்டு, விலங்குகளின் கண்கள் வீங்கி மூடிக்கொண்ட விவகாரம் பெரிதாகப் பேசப்பட்டது. அதற்குப் பிறகு நல்ல கம்பெனிகள் திருத்திக்கொண்டன. ஆனால் பெயர் தெரியாத மலிவுச் சரக்கை நான் இன்றும் நம்ப மாட்டேன்.

மெர்க்குரி வேப்பர் பல்பு சூடு, வெளிச்சம், யூவிபி மூன்றையும் ஒரே பல்பில் தரும். கேட்க நன்றாக இருக்கிறது. சிக்கலும் அங்கேதான். இதை டிம்மரிலோ, ஒளியைக் குறைத்துச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டிலோ இணைக்க முடியாது. சூடு அதிகமானால் மொத்தமாக அணைக்க வேண்டும், அணைத்தால் கதிரும் போயிற்று. மேற்கு சிட்னியில் கோடை எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு கணக்கு: 2020 ஜனவரி 4 அன்று பென்ரித்தில் 48.9 டிகிரி. அந்த மாதிரி நாட்களில் தொட்டிக்கு மேல் இன்னொரு அடுப்பு எதற்கு? கதிருக்கு டியூபும் சூட்டுக்கு ஹாலஜன் பல்பும் தனித்தனியாக இருந்தால் ஹாலஜனை மட்டும் அணைத்துவிட்டு டியூபை எரிய விடலாம். குளிர் நாட்டில், பெரிய உயரமான கூட்டில் மெர்க்குரி பல்பு நன்றாக வேலை செய்யலாம். நண்பர் வீட்டில் பார்த்ததைத் தவிர எனக்கு அதில் நீண்ட பழக்கம் இல்லை, அந்த அளவுக்கு என் பேச்சைக் குறைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றையும் பிரித்துக் காட்டுவது விலையோ சூடோ அல்ல, பல்பு கிழடாகும் விதம்தான்.

யூவிபி விளக்குகள் எல்லாமே அணையாமல் செத்துப்போகும் ரகம். கதிரைத் தரும் பூச்சும் கண்ணாடியும் நாளாக நாளாகத் தளர்ந்துவிடும். வெளிச்சம் மட்டும் அப்படியே இருக்கும். நம் கண்ணுக்கு யூவிபி தெரியாது. ஊர்வன வளர்ப்போர் சங்கத்தில் இரவல் வாங்கிய, புற ஊதாக் கதிரை அளக்கும் சோலார்மீட்டர் 6.5 கருவியைச் சோமுவின் பழைய சுருள் பல்புக்குக் கீழே, அவன் முதுகு இருக்கும் உயரத்தில் பிடித்தேன். யூவி குறியீடு 0.3. பல்போ பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. வெயில் காயும் இடத்தில் இந்த ஓணானுக்கு 3 முதல் 5 வரை வேண்டும். அந்தப் பல்பை மாட்டியவர்களைக் குறை சொல்லவும் முடியாது, எரிகிற பல்பை யார் தூக்கிப் போடுவார்கள்?

சுருள் பல்பை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். டி5 டியூபை வருடத்துக்கு ஒருமுறை. மெர்க்குரி பல்பு பிராண்டைப் பொறுத்து இரண்டுக்கும் நடுவில், பல்புக்குப் பல்பு வித்தியாசமும் அதிகம். எங்கள் டியூப் புதிதில் 4.6 காட்டியது, ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து 3.4. இறக்கம்தான், ஆனால் படிப்படியான இறக்கம், தேவையான அளவுக்குள்தான் இருந்தது. கதிர் தொட்டியின் பாதி நீளத்துக்கும் மேல் பரவுவதால், ஓணான் கொஞ்சம் நகர்ந்து படுத்தாலும் பாதகமில்லை. வேண்டாம் என்றால் மறுபக்க நிழலுக்கு அதுவே போய்க்கொள்ளும்.

செலவையும் இதே கணக்கில் பாருங்கள். டியூபும் ஃபிட்டிங்கும் சேர்த்து எனக்கு 150 டாலர் அளவில் ஆனது, அடுத்த வருடத்திலிருந்து டியூப் மட்டும் 70. சுருள் பல்பை ஒழுங்காக மாற்றினால் வருடத்துக்கு 80. கடைக்குக் கடை விலை மாறும், ஆனால் மலிவு என்று நினைத்தது மலிவில்லை என்பது மாறாது. ஒழுங்காக மாற்றாமல் விட்டால் மட்டுமே சுருள் பல்பு மலிவு, அந்த மிச்சத்தை எக்ஸ்ரே செலவு விழுங்கிவிடும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். மேலே கம்பி வலை இருந்தால் கதிரில் மூன்றில் ஒரு பங்காவது போய்விடும், நெருக்கமான வலையென்றால் இன்னும் அதிகம். முடிந்தால் டியூபை வலைக்கு உள்ளே மாட்டுங்கள். ஓணானின் முதுகிலிருந்து டியூபுக்கு 35 முதல் 40 செ.மீ. எங்கள் வீட்டில் சரியாக இருக்கிறது; அது 12 சதவீத யூவிபி என்று குறிப்பிட்ட டியூப், வலை இல்லை. உங்கள் பிராண்டின் அட்டவணை வேறு சொன்னால் அதையே கேளுங்கள். ஹாலஜனை டியூபுக்குப் பக்கத்திலேயே வையுங்கள், சூடும் கதிரும் ஒரே இடத்தில் விழ வேண்டும். மாட்டிய தேதியை மார்க்கரில் ஃபிட்டிங்கின் மேலேயே எழுதிவிடுங்கள். மீட்டர் இந்த எல்லா விளக்கையும் விட விலை அதிகம், எனவே சொந்தமாக வாங்கச் சொல்ல மாட்டேன். சங்கத்தில் இரவல் கிடைத்தால் வருடத்தில் ஒன்றிரண்டு தடவை அளந்தால் போதும்.

சூரியன் இலவசமாயிற்றே என்று கேட்பீர்கள். உண்மைதான், எந்த விளக்கும் அதற்கு ஈடாகாது. வெப்பம் இதமான நாட்களில் இரண்டையும் கம்பிக் கூண்டில் வைத்துத் தோட்டத்தில் விடுகிறோம், குக்கபுரா பறவை தூக்கிவிடாமல் மகள் காவல். ஆனால் ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் யூவிபி அநேகமாக இருக்காது. கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் உள்ளே இருப்பது வெந்தே போகும். மழைக்காலத்தில் தோட்டத்தையும் நம்ப முடியாது.

என் பழைய சுருள் ஹோல்டர் இன்னும் இருக்கிறது. நோயாளியைத் தனியாக வைக்கும் சின்னப் பெட்டிக்கு, புதுப் பல்பு போட்டு, குறுகிய காலத்துக்கு மட்டும். குஞ்சுகளை நிறைய வளர்த்த அனுபவம் எனக்கு இல்லை, அவற்றுக்கான தூரத்தை இனப்பெருக்கம் செய்பவர்களிடம் கேட்பது நல்லது. யூவிபி எல்இடி பட்டைகளும் இப்போது விற்பனைக்கு வந்துவிட்டன. நீண்ட ஆயுள் என்று விளம்பரம் செய்கிறார்கள். நான் இன்னும் வாங்கவில்லை. வருடக்கணக்கில் அதை எரித்து, மீட்டரில் அளந்து பார்த்தவர்கள் நாலு பேர் கிடைக்கும் வரை, தேதி எழுதிய டியூபையே மாற்றிக்கொண்டிருப்பேன்.