நுவரெலியா கோல்ஃப் மைதானம்: கார்டில் சின்னது, காலுக்குப் பெரியது

நுவரெலியா கோல்ஃப் கழகத்தின் ஸ்கோர் கார்டைப் பார்த்து யாரும் மிரளப்போவதில்லை. 18 குழி, பார் (திறமையானவர் முடிக்க வேண்டிய அடிக் கணக்கு) 70, மொத்தத் தூரம் 5,550 யார்ட் அளவுதான். கொழும்பின் சமதரையில் ஆடிப் பழகியவர்கள் இந்த எண்களை நம்பித் தெம்பாக வருவார்கள். பதின்மூன்றாம் குழி தாண்டியதும் பந்தின் உச்சந்தலையில் தட்டத் தொடங்குவார்கள், அல்லது பந்துக்கு முன்னால் மண்ணைக் கிளப்புவார்கள். ஸ்விங் (பந்தடிக்கும் கட்டையை வீசும் முறை) கெட்டுவிட்டது என்பது அவர்கள் முடிவு. உண்மையில் தொடை களைத்து, முழங்கால் நிமிர்ந்து, குனிந்த நிலை கலைந்திருக்கும்.

1889இல் தொடங்கிய இந்த மைதானம் அழகில் குறைவைக்காது. ஊர் நடுவிலேயே இருக்கிறது, பின்னால் பீதுருதாலகால மலை, இரு பக்கமும் சைப்ரஸும் யூகலிப்டஸும். ஃபெயார்வேக்கள், அதாவது குழிக்குப் போகும் புல்வெளிகள், ஒடுக்கம். கோணலாகப் போன பந்து மரத்துக்குள் போகும், அதைத் தேடி நீங்களும் போக வேண்டும். கார்டிலுள்ள தூரம் நேர்கோட்டில் 5 கிலோமீட்டர். தேடல், அடுத்த டீக்கு (குழிக்கான முதல் அடி அடிக்கும் இடம்) நடை எல்லாம் சேர்த்தால் 7, 8 கிலோமீட்டர் வரும், நாலு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். ஆகவே பை தூக்கும் கெடி ஒருவரைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். பத்துக் கிலோவைத் தாண்டும் பையோடு இந்த ஏற்றத்தில் வீம்பு வேண்டாம்.

ஊரின் உயரம் 1,868 மீட்டர். காற்றழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இதனால் பந்துக்கு லாபம்: அது 6, 7 வீதம் கூடுதலாகப் பறக்கும், 150 யார்ட் அடி 160ஐத் தொடும். காலைக் குளிர் அதில் கொஞ்சத்தைத் திருப்பிப் பிடுங்கும் என்றாலும், அயன் எனப்படும் இரும்புத் தலைக் கட்டைகளில் ஒரு இலக்கம் கூடிய, அதாவது தூரம் குறைந்த கட்டையை எடுப்பது சரியாக வரும். நட்டம் உங்கள் நெஞ்சுக்கு. ஒவ்வொரு மூச்சிலும் ஒக்சிஜன் குறைவு, மேட்டில் ஏறி வந்ததும் இதயம் படபடக்கும். அந்த இரைப்போடு அடித்தால் தோள் மேலெழும்பி நிற்கும், பந்து சரியாகப் படாது. மூச்சை உள்ளே இழுப்பதைவிட இரண்டு மடங்கு நேரம் வெளியே விட்டு, ஐந்து தடவைக்குப் பிறகு கட்டையைப் பிடியுங்கள். இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் 18 குழிக்கு இறங்கக் கூடாது.

ஏற்றத்தைவிட இறக்கம்தான் கள்ளன். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது. வலி அன்றைக்குத் தெரியாது, மறுநாளும் அதற்கடுத்த நாளும் பிடித்துக்கொள்ளும். தட்டையான டிரெட்மில்லில் மாதக்கணக்காக ஓடினாலும் இதற்குத் தயாராக முடியாது. 20 சென்டிமீட்டர் உயரப் படியில் ஒரு காலில் நின்று, மற்றக் காலை மூன்று விநாடி எடுத்து மெதுவாகத் தரைக்கு இறக்குங்கள். காலுக்குப் பத்து, மூன்று சுற்று, கிழமைக்கு இரண்டு நாள். ஆறு கிழமை போதும்.

சரிவில் நின்று அடிப்பது இன்னொரு பாடம். பந்து காலுக்கு மேலே இருந்தால் வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் இழுக்கும், கீழே இருந்தால் வலப்பக்கம் நழுவும். இது தெரிந்திருந்தும் தவறுகிறது என்றால் சமநிலை போதவில்லை. கையைக் கட்டிக்கொண்டு ஒற்றைக் காலில் 30 விநாடி ஆடாமல் நிற்க முடியாதவர், சரிவில் முழு வேகத்தில் அடிப்பதை விட்டு முக்கால் ஸ்விங்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

முதுகு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். ஹட்டன் வழியாகவோ ரம்பொடை வழியாகவோ வந்தாலும் கொழும்பிலிருந்து ஐந்து மணித்தியாலப் பயணம். அவ்வளவு நேரம் மடங்கியிருந்த இடுப்பின் முன்தசை இறுகிவிடும். இறங்கியதும் டிரைவர் என்ற நீளக் கட்டையை ஓங்கினால் இடுப்பு திரும்பாது, அதன் வேலையைக் கீழ்முதுகு செய்யப் பார்க்கும். கீழ்முதுகு எலும்புகளோ எல்லாம் சேர்ந்தும் 10, 15 பாகைதான் திரும்பக் கூடியவை. திரும்ப வேண்டியது நெஞ்சுப் பகுதியும் இடுப்பு மூட்டும். கதிரையில் அமர்ந்து, முழங்கால்களை ஒட்டி வைத்து, பாதத்தை வெளிப்பக்கம் தூக்கிப் பாருங்கள். இடக்கால் வலக்காலைவிடத் தெளிவாகக் குறைவாகப் போனால், வலக்கைக்காரர் ஒவ்வொரு அடியிலும் முதுகிலிருந்து கடன் வாங்குகிறார். முடிந்தால் முதல் நாளே வந்து இரவு தங்குங்கள்.

காலையில் 12 நிமிடம் ஒதுக்குங்கள். மூன்று நிமிடம் விறுவிறு நடை. பிறகு ஒவ்வொரு காலையும் முன்பின்னாகப் பத்து வீச்சு. எட்டெடுத்து வைத்து முன்காலை மடக்கி, அந்தப் பக்கமே மேலுடம்பைத் திருப்புவது பக்கத்துக்கு ஆறு. கட்டையைத் தோளில் குறுக்கே வைத்துப் பத்துத் திருப்பம். கடைசியில் குட்டை அயனில் அரை ஸ்விங், பிறகு முழு ஸ்விங், அதற்குப் பிறகுதான் டிரைவர். நிமிடக்கணக்காக ஒரே இடத்தில் இழுத்துப் பிடித்து நிற்கும் நீட்டல் ஆட்டம் முடிந்த பின்புதான். முன்னால் செய்தால் தசையின் திடீர் விசை குறையும்.

குளிரில் தாகம் தெரியாது, ஆனாலும் இரண்டு குழிக்கு ஒருமுறை சில மிடறு குடியுங்கள். ஒன்பதாம் குழியில் வாழைப்பழமும் ஒரு பிடி கச்சானும் போதும், சோற்றுப் பார்சல் வேண்டாம். ஏப்ரல் சீசனில் கூட்டம் நெருங்கும். டீயில் காத்து நிற்கும்போது ஜேர்சியைக் கழற்றாதீர்கள், சூடாக்கிய உடம்பு பத்து நிமிடத்தில் ஆறிவிடும். ஜூன், ஜூலை மழையில் பந்து உருளாது, சகதியில் காலும் வழுக்கும்.

எங்கள் கணக்கில், நடக்கப் பயப்படாதவருக்கு நாட்டில் இதைவிட நல்ல மைதானம் இல்லை. முழங்கால் தகராறு உள்ளவர்கள் கண்டிக்கு அருகே திகனையில் 1999இல் திறந்த விக்டோரியா கோல்ஃப் மைதானத்தில் தொடங்கலாம். டொனால்ட் ஸ்டீல் வடிவமைத்தது, பார் 73, தூரம் அதிகம், தாழ்வான இடம் என்பதால் வெயிலும் வியர்வையும் உண்டு. அங்கே கார்ட் வண்டி எடுத்து ஒன்பது குழி ஆடிப் பார்த்து, மறுநாள் முழங்கால் வீங்கவில்லை என்றால் ரம்பொடை ஏறலாம்.