கர்ரியின் 30, கிரீனின் 14

கூடைப்பந்து வீரரின் மதிப்பை அளக்க இரண்டு வழி. ஒன்று பாக்ஸ் ஸ்கோர்: எத்தனை புள்ளி, எத்தனை ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பிய பந்தைப் பிடிப்பது), எத்தனை அசிஸ்ட் (கூடை விழ வழிசெய்த பாஸ்). இன்னொன்று பிளஸ்-மைனஸ்: அவர் களத்தில் இருந்த நேரத்தில் அணி எதிரணியைவிட எத்தனை புள்ளி கூடுதலாக எடுத்தது, அல்லது பின்தங்கியது.

அமெரிக்காவின் என்பிஏ லீக்கில், 2015-16 பருவத்தில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 82 ஆட்டங்களில் 73 வென்றது. அந்த அணியின் ஸ்டெஃபன் கர்ரிக்கு ஆட்டத்துக்குச் சராசரி 30.1 புள்ளி, டிரேமண்ட் கிரீனுக்கு 14தான். ஆனால் மொத்த பிளஸ்-மைனஸில் லீக்கிலேயே முதலிடம் கிரீனுக்கு. ஆயிரத்தைத் தாண்டிய எண்!

எப்படி? கர்ரியைத் துரத்துபவரின் வழியில் கிரீன் சுவர்போல நிற்பார். இரண்டு பேர் கர்ரி மேல் பாய்வார்கள். பந்து கிரீன் கைக்கு வரும். இப்போது எதிரே மூன்றே பேர். மூலையில் நிற்பவருக்குத் தள்ளிவிடுவார். கூடை விழுந்தால் அசிஸ்ட் கணக்கில் ஏறும், அந்த மறிப்பு பாக்ஸ் ஸ்கோரில் ஏறாது. தற்காப்பில் கத்திக் கத்தி மற்ற நால்வரையும் இடம் மாற்றுவாரே, அதற்கும் அங்கே கட்டம் கிடையாது.

அதற்காக பிளஸ்-மைனஸ் வேதவாக்கு இல்லை. கர்ரியோடு சேர்ந்து ஆடினாலே எண் ஏறும். ஒரே ஆட்டத்து எண்ணைக் காட்டி ஒருவரைத் திட்டுவது அநியாயம். கூட்டாளிகள் எறிந்ததெல்லாம் தவறினாலும் பழி இவர் தலையில்தான். கூட ஆடியவர், எதிரே ஆடியவர் பங்கைக் கழித்துப் பார்க்கும் திருத்திய பிளஸ்-மைனஸ் வந்தது இதனால்தான்.

நேற்றைய ஆட்டத்தைப் பேச எனக்கு பாக்ஸ் ஸ்கோர் போதும். ஒரு தற்காப்பு வீரருக்குச் சம்பளம் பேசுவதென்றால், பல பருவங்களின் திருத்திய எண்ணைத்தான் முதலில் கேட்பேன்.