கல்யாண லைவுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

போன ஆவணியில் கும்பகோணத்தில் என் தங்கை கல்யாணம். டொரண்டோவில் இருக்கும் அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன், வர முடியவில்லை, அவருக்காகவே யூடியூப் லைவுக்கு 12,000 ரூபாய் பேசி 5,000 அட்வான்ஸும் கொடுத்தோம். அங்கே ராத்திரி ஒன்பது மணிக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தவர், தாலி கட்டும் நேரத்தில் சுற்றிக்கொண்டே இருந்த வட்டத்தைத்தான் பார்த்தார்.

முதல் நாள் சாயங்காலம் வந்த பையன் காலி மண்டபத்தில் ஸ்பீடு டெஸ்ட் போட்டு, "40 எம்பி வருதுண்ணா, ஃபுல் எச்டியே அடிச்சிடலாம்" என்று போனை நீட்டினான். நானும் தலையாட்டினேன். அது டவுன்லோடு. லைவில் நாம் அனுப்புகிற கட்சி, பார்க்க வேண்டியது அப்லோடு, அது பக்கத்திலேயே 9 என்று இருந்தது. மறுநாள் காலை ஐந்நூறு பேர் ஆளுக்கொரு போனோடு வந்து அதே டவரைப் பிடித்தால் அந்த 9 என்ன ஆகும்? அன்று காலை லைவ் ஆரம்பித்ததும் நான் போட்டுப் பார்த்தபோது 4.

அவனோ 1080 (அதுதான் ஃபுல் எச்டி) தரத்தில் 6000 கேபிபிஎஸ், அதாவது 6 எம்பி என்று நிலையாக வைத்துவிட்டுப் பந்திக்குப் போய்விட்டான். 4 போகிற குழாயில் 6 எப்படிப் போகும்? ஓபிஎஸ் (லைவை அனுப்புகிற சாஃப்ட்வேர்) ஃபிரேம்களை உதறித் தள்ளுகிறது, லேப்டாப்பில் கீழ் ஓரத்தில் சிவப்புக் கட்டம் எரிகிறது, பார்க்க ஆள் இல்லை.

கேட்டால் "பார்க்கிறவங்க நெட்டு ஸ்லோண்ணா" என்றான். பொய். வந்த படத்தை யூடியூபே 720, 480, 360 என்று மாற்றி வைத்து, அவரவர் நெட்டுக்கு ஏற்றதைக் கொடுத்துவிடும். டொரண்டோ அத்தைக்கும் குவைத் மாமாவுக்கும் மாம்பலம் சித்திக்கும் ஒரே நொடியில் நின்றது என்றால் கோளாறு நம் பக்கம்தான். இன்றைக்கு அந்த வீடியோவைப் போட்டாலும் அதே இடத்தில் அதே ஓட்டை.

இதைவிடக் கொடுமை அப்புறம்தான் தெரிந்தது. லேப்டாப்புக்கு நெட் கொடுத்த டாங்கிளில் இருந்தது தினம் 2 ஜிபி பேக். 6 எம்பிபிஎஸ் என்றால் (டாக்டர் படிப்பு இல்லை, நொடிக்கு ஆறு மெகாபிட்) ஒரு மணி நேரத்துக்கு 2.7 ஜிபி குடிக்கும். 5.30-க்கு ஆரம்பித்த லைவ் 6.20 வாக்கில் பேக் தீர்ந்து 64 கேபிபிஎஸ்ஸுக்கு விழுந்தது, அதில் நாதஸ்வரம்கூடப் போகாது. தாலி கட்டியது 6.35.

அத்தை மகனுக்கு இதுதான் தொழில். அந்த 4-க்கு 720, 30 ஃபிரேம், 2500 கேபிபிஎஸ், ஆடியோவுக்கு 128, கீஃபிரேம் (இடையிடையே போகும் முழுப் படம்) 2 நொடிக்கு ஒன்று என்று வைத்திருந்தால் போதும், கிடைக்கிற அப்லோடில் மூன்றில் ஒரு பங்கையாவது சும்மா விட வேண்டும் என்றான். அப்படி வைத்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு இரண்டேகால் ஜிபி தாண்டும், ஆகவே சிம்மில் என்ன பேக் என்று வெட்கப்படாமல் கேளுங்கள். வேறு கம்பெனி சிம் ஒன்று கையிருப்பில் உண்டா, லேப்டாப்பிலும் ரெக்கார்டு ஆகிறதா என்றும் கேளுங்கள். எங்களுக்கு அதுவும் ஆகவில்லை.

மீதி 7,000 நான் கொடுக்கவில்லை. தினம் போன் பண்ணுகிறான், அந்தக் கால் மட்டும் ஒரு நாளும் கட் ஆனதில்லை.