‘உன் வாய்ஸ் உடையுதுடா’: மம்பிளின் இன்ஃபர்மேஷன் பெட்டி பற்றி

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு நாங்கள் ஆறு பேர் ஒன்றாக உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போடுவோம். ஒன்றாக என்றால், ஆளுக்கோர் ஊரில், காதில் ஹெட்செட்டோடு. கல்லூரி விட்டதிலிருந்து இருக்கும் பழக்கம். இந்த விளையாட்டுக்கு வீடியோ வேண்டாம், ஸ்கிரீன் ஷேர் வேண்டாம், குரல் மட்டும் தெளிவாக வந்தால் போதும். ஆனால் அது நிஜமாகவே தெளிவாக வரவேண்டும், ஏனென்றால் “மூணாவது கட்டத்துல என்ன எழுத்து?” என்று கேட்டால் வரும் பதில் ல-வா, ள-வா, ழ-வா என்று தெரிந்தாக வேண்டும். குரல் இணையத்தில் பாக்கெட் என்ற சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் போகும், அதில் ஒன்றிரண்டு வழியிலேயே தொலைந்தால் முதலில் காணாமல் போவது இந்த வித்தியாசம்தான். “ழ-டா, பழத்துக்கு வர்ற ழ” என்று சேலத்துக்காரன் கத்துவான், எங்களுக்கு “-டா, -த்துக்கு வர்ற -” என்று கேட்கும்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், யாருடைய குரல் உடைகிறதோ அவனுக்கு மட்டும் எல்லாம் நன்றாகக் கேட்கும். அவனுக்கு இறங்கும் பாதையில் கோளாறு இல்லை, ஏறும் பாதையில்தான் கோளாறு. அதனால் “எனக்கு நீங்க எல்லாரும் கிளியரா இருக்கீங்களே, உங்க நெட்தான் சரியில்ல” என்று மனசாரச் சொல்வான். பொய்யும் சொல்லவில்லை. இப்படி மாதக்கணக்கில் சண்டை போட்டபிறகுதான் மம்பிளுக்கு மாறினோம். மாறி இரண்டு வருடம் ஆகிறது. இங்கே நான் மம்பிள் முழுவதையும் எடைபோடப் போவதில்லை, அதில் இருக்கும் ஒரே ஒரு பெட்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன், ஏனென்றால் நாங்கள் இன்னும் அதிலேயே இருப்பதற்கு அதுதான் காரணம்.

தெரியாதவர்களுக்கு: மம்பிள் இலவச, ஓப்பன் சோர்ஸ் குரல் அரட்டை மென்பொருள். சர்வரை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். குரல் யூடிபி (தொலைந்ததைத் திரும்பக் கேட்காமல் வேகமாக அனுப்பும் முறை) வழியாகப் போகும், உள்ளே வருவது, வெளியே போவது, எழுத்து அரட்டை மாதிரியான மற்ற வேலையெல்லாம் டிசிபி (தொலைந்ததைத் திரும்ப அனுப்பி வரிசையாகச் சேர்க்கும் முறை) வழியாகப் போகும். முகப்பைப் பார்த்தால் பதினைந்து வருடத்துக்கு முந்தைய சாஃப்ட்வேர் மாதிரிதான் இருக்கும், முதல் தடவை திறக்கும்போது சர்டிஃபிகேட், மைக் என்று வரிசையாகக் கேள்வி கேட்டு வெறுப்பேற்றும். எங்கள் கூட்டத்தில் ஒருவன் அந்த இடத்திலேயே மூடிவிட்டுப் போய்விட்டான், அடுத்த வாரம் ஃபோனில் பேசிப் பேசித்தான் உள்ளே கொண்டுவந்தோம்.

சரி, பெட்டிக்கு வருவோம். பட்டியலில் யாராவது ஒருவர் பெயர் மேல் வலது க்ளிக் செய்து இன்ஃபர்மேஷன் என்பதை எடுத்தால் ஒரு சின்ன ஜன்னல் திறக்கும். எவ்வளவு நேரமாக ஆள் இருக்கிறார், எவ்வளவு நேரமாகப் பேசாமல் இருக்கிறார் என்பதோடு, டிசிபிக்கும் யூடிபிக்கும் தனித்தனியாகச் சராசரி பிங் (பாக்கெட் சர்வருக்குப் போய்த் திரும்பி வர ஆகும் நேரம்), அந்த பிங் எவ்வளவு ஆடுகிறது என்று காட்டும் டீவியேஷன் எல்லாம் இருக்கும். அதற்குக் கீழேதான் சரக்கு. ‘ஃபிரம் கிளையன்ட்’, ‘டு கிளையன்ட்’ என்று இரண்டு திசை. ஒவ்வொன்றுக்கும் குட், லேட், லாஸ்ட், ரீசிங்க் (மறையாக்கத்தை மறுபடி ஒத்திசைத்த தடவைகள்) என்று நான்கு எண்கள். அந்த ஆளிடமிருந்து சர்வருக்கு வந்ததில் எத்தனை தொலைந்தது, சர்வரிலிருந்து அந்த ஆளுக்குப் போனதில் எத்தனை தொலைந்தது, இரண்டும் தனித்தனியாக, மற்றவர்கள் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி.

சேலத்துக்காரனின் பெட்டியைத் திறந்து வைத்த ஒரு ராத்திரி நான் பார்த்ததைக் குறித்து வைத்திருக்கிறேன். ஃபிரம் பக்கத்தில் குட் 41,210, லேட் 19, லாஸ்ட் 2,870. டு பக்கத்தில் லாஸ்ட் 14. அவ்வளவுதான், சண்டை முடிந்தது. அவன் அனுப்பியதில் நூற்றுக்கு ஆறரை வழியிலேயே போயிருக்கிறது, அவனுக்கு வந்ததில் ஏறக்குறைய ஒன்றுமே போகவில்லை. நொடிக்கு ஐம்பது பாக்கெட் கணக்கில் அவன் அனுப்பிய மொத்தமும் ஏறக்குறைய கால் மணி நேரப் பேச்சு. ஆறரை சதவீதம் சமமாகப் பரவிப் போயிருந்தால் காதுக்குப் பெரிதாகத் தெரிந்திருக்காது, ஒன்றிரண்டு போனால் குரலைச் சுருக்கி விரிக்கும் ஓப்பஸ் கோடெக் முன்னால் வந்த ஒலியை வைத்து ஒப்பேற்றிவிடும். கொத்தாகப் போகும்போதுதான் ழகரம் விழுங்கப்படுகிறது.

பிங்கும் ஒரு கதை சொன்னது. சராசரியைப் பார்த்தால் 60-70 மில்லிசெகண்டு, யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தொலைபேசிப் பேச்சுக்கு ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியு வகுத்த கணக்கு ஒன்று இருக்கிறது, அதற்கு எவ்வளவோ கீழே. ஆனால் டீவியேஷன் 140-ஐத் தாண்டி நின்றது. அதாவது ஒரு நேரம் முப்பது, ஒரு நேரம் ஐந்நூறுக்கும் மேல். இப்படி ஆடினால் லைன் எங்கோ நிரம்பி வழிகிறது என்று அர்த்தம். அவன் வீட்டில் டவுன்லோடு நாற்பது எம்பிபிஎஸ், அப்லோடு இரண்டுதான். அந்த இரண்டையும் ஞாயிறு ராத்திரி ஒன்பதரைக்கு யார் சாப்பிடுகிறார்கள் என்று தேடினால், அவன் அம்மாவின் ஃபோன். முகூர்த்த நாள் ஞாயிற்றுக்கிழமையில் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து சார்ஜில் போடுவார்கள், சார்ஜிலும் வைஃபையிலும் இருக்கிறதென்று தெரிந்ததும் அது எடுத்த நூற்றைம்பது போட்டோவையும் கிளவுடுக்கு ஏற்ற ஆரம்பித்துவிடும். இவன் பேசுகிற குட்டிக்குட்டிப் பாக்கெட்டெல்லாம் ரவுட்டரில் கல்யாணப் போட்டோவுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும், வரிசை நிரம்பினால் தூக்கி எறியப்படும். முகூர்த்தம் இல்லாத வாரம் குரல் ஏன் நன்றாக இருந்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது.

லேட் என்ற எண்ணில் நான் முதலில் ஏமாந்தேன், நீங்களும் ஏமாறலாம், அதனால் சொல்கிறேன். அது தாமதமாக வந்த பாக்கெட்டின் எண்ணிக்கை இல்லை, வரிசை மாறி வந்தது. மம்பிள் ஒவ்வொரு குரல் பாக்கெட்டையும் மறையாக்கம் செய்யும்போது அதன் தலைப்பில் ஒரு பைட்டில் வரிசை எண் வைக்கிறது. சர்வர் அடுத்து 57 வரும் என்று காத்திருக்கும்போது 60 வந்தால், நடுவில் மூன்று தொலைந்ததாக லாஸ்டில் கூட்டிக்கொள்ளும். அப்புறம் 58 தட்டுத் தடுமாறி வந்து சேர்ந்தால் லேட்டில் ஒன்று கூட்டி லாஸ்டில் ஒன்று கழிக்கும். பாதுகாப்புக்காக வைத்த எண்ணையே பழுது பார்க்கவும் பயன்படுத்திக்கொள்கிறார்கள், இது எனக்கு மிகவும் பிடித்த இடம். ஆக எல்லாப் பாக்கெட்டும் ஒரே சீராக அரை நொடி தாமதமாக வந்தாலும் லேட் பூஜ்யமாகத்தான் இருக்கும். தாமதத்துக்கு பிங்கைப் பார்க்க வேண்டும், லேட்டைப் பார்க்கக் கூடாது. பெயரை மாற்றி வைத்திருக்கலாம்.

மற்ற மென்பொருளில் இதெல்லாம் இல்லையா என்றால், இருக்கிறது, வேறு மாதிரி. டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் கீழே இடப்பக்கம் பச்சையில் வாய்ஸ் கனெக்டட் என்று இருப்பதை அழுத்தினால் பிங் வரைபடமாக ஓடும், சராசரி பிங், கடைசி பிங், வெளியே போகும் பாக்கெட்டில் எத்தனை சதவீதம் தொலைகிறது எல்லாம் காட்டும். பிங் 250 மில்லிசெகண்டோ அதற்கு மேலோ போனால் ஒலி தாமதமாகலாம், இழப்பு 10 சதவீதத்தைத் தாண்டினால் குரல் ரோபோ மாதிரி ஆகலாம் என்று விளக்கமும் எழுதியிருப்பார்கள். பார்க்க அழகு, புரிந்துகொள்ள சுலபம், வரைபடம் இருப்பது மம்பிளைவிட மேல். ஆனால் அது என் பக்கத்தை எனக்கு மட்டும் காட்டுகிறது. தன் பக்கம் சரி என்று சத்தியம் செய்கிறவன் அதைத் திறந்து பார்க்கவே மாட்டான் என்பதுதான் எங்கள் பிரச்சினையே. பிரவுசர் வழியாகப் பேசுகிறவர்களுக்குக் குரோமில் வெப்ஆர்டிசி-இன்டர்னல்ஸ் என்றொரு உள்பக்கம் இருக்கிறது, வரும் பாக்கெட்டைச் சீராக்கக் கொஞ்சம் தேக்கி வைக்கும் ஜிட்டர் பஃபரில் ஒலி எவ்வளவு நேரம் காத்திருந்தது, எவ்வளவு ஒலி ஒப்பேற்றப்பட்டது என்றுகூடச் சொல்லும். ஆனால் அது மெக்கானிக்குக்கான இடம், ஐம்பது வரைபடத்துக்கு நடுவில் நமக்கு வேண்டியதைத் தேடுவதற்குள் போன் பேச்சே முடிந்துவிடும்.

மம்பிள் பெட்டியிலும் குறை இருக்கிறது. நாங்கள் ஓட்டுவது 1.5 வரிசை. அதில் எல்லா எண்ணும் இணைந்த நேரத்திலிருந்து கூட்டிக்கொண்டே போவது. ஒன்பதரைக்கு நடந்த இழப்பும் பத்தரைக்கு நடக்கிற இழப்பும் ஒரே குவியலில். இப்போது சரியாகிவிட்டதா என்று தெரிய எண்ணைக் குறித்து வைத்து ஒரு நிமிஷத்துக்குப் பிறகு வருவதிலிருந்து அதைக் கழித்துப் பார்க்க வேண்டும், நான் பேப்பரில் போட்டுக்கொண்டிருந்தேன். இல்லையென்றால் ஆளை வெளியே போய்த் திரும்பி வரச் சொல்ல வேண்டும். சதவீதமும் அதுவே போட்டுத் தராது.

இன்னொரு விஷயம், அந்தரங்கம். பாக்கெட் கணக்கை ஒரே சேனலில் (பேச்சறையில்) இருக்கும் யாரும் பார்க்கலாம், அது எனக்குச் சம்மதம். ஐபி முகவரி, என்ன பதிப்பு, சர்டிஃபிகேட் விவரம் எல்லாம் எல்லாச் சேனலுக்கும் மேலே உள்ள மூலச் சேனலில் ஆட்களைத் தடை செய்யும் அதிகாரம் உள்ளவருக்கு மட்டும்தான் காட்டும். நண்பர்களுக்குள் என்றால் பரவாயில்லை. முன்பின் தெரியாத சர்வரில் நுழைகிறவர்கள், அட்மின் பார்க்க முடியும் என்பதைத் தெரிந்துகொண்டு நுழையுங்கள்.

சேலத்துக்காரனுக்கு என்ன செய்தோம் என்றால், அம்மா இப்போது படுக்கப்போகும் முன்தான் ஃபோனைச் சார்ஜில் போடுகிறார்கள். அதோடு அவன் செட்டிங்கில் குவாலிட்டியை 40 கிலோபிட்டிலிருந்து 24-க்கு இறக்கி, ஒரு பாக்கெட்டுக்கு 20 மில்லிசெகண்டு என்றிருந்ததை 40 ஆக்கினோம். நொடிக்கு ஐம்பது போன இடத்தில் இருபத்தைந்துதான் போகும், பாக்கெட்டுகள் சுமக்கும் மொத்தத் தலைப்புச் சுமை பாதியாகும். அந்தப் பக்கத்திலேயே ஆடியோ எவ்வளவு, ஓவர்ஹெட் எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவது நல்ல ஏற்பாடு. அதில் ஒரு பாக்கெட் தொலைந்தால் இரண்டு மடங்கு ஒலி போகும் என்பதையும் மறக்க வேண்டாம், அதனால் 60 வரை போகவில்லை. இப்போது அவன் லாஸ்ட் ஒரு சதவீதத்தைத் தொடுவதில்லை.

கைபேசியிலேயே எல்லாம் நடக்க வேண்டும், சர்வரெல்லாம் யார் போடுவது என்கிறவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஐந்தாறு பேர் கொண்ட நிலையான கூட்டம், அதில் ஒருவருக்காவது லினக்ஸ் கமாண்ட் நாலு தெரியும் என்றால் தாராளமாக.

சர்வர் போடும்போது 64738 போர்ட்டை டிசிபி, யூடிபி இரண்டுக்கும் திறந்துவிடுங்கள். நான் டிசிபிக்கு மட்டும் திறந்திருந்தேன். யூடிபி போய்வர முடியவில்லை, டிசிபி முறைக்கு மாறுகிறேன் என்று ஒவ்வொருவர் அரட்டை ஜன்னலிலும் மம்பிள் ஒரு வரி எழுதியிருக்கிறது, ஆறு பேரில் ஒருவரும் படிக்கவில்லை. குரல் வேலை செய்தது, ஆனால் ஒரு பாக்கெட் விழுந்தால் அது திரும்ப வரும்வரை மற்றதெல்லாம் நின்று, பிறகு மொத்தமாக வந்து கொட்டியது. முதல் மூன்று வாரம் சேலத்துக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன். நாலாவது வாரம் பெட்டியைத் திறந்து பார்த்தால் ஆறு பேருக்கும் யூடிபி வரிசையில் பூஜ்யம்.