கியர்பாக்ஸைப் பிரிக்கக் கையெழுத்து கேட்டால் பேனாவைத் தொடாதீங்க

நேத்து சாயங்காலம்தான் பில்லைக் கட்டிட்டு வந்தேன். மூணு மாசச் சம்பளம். ராத்திரி முழுக்கத் தூங்கல, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

காருக்கு வயசு நாலு. கம்பெனி வாரண்டி முடிஞ்சு, தனியாப் பணம் கட்டி நீட்டிச்ச எக்ஸ்டெண்டட் வாரண்டி ஓடிட்டிருந்துச்சு. கார் வாங்குறப்பவே ஷோரூம் பையன் (பேர் வேண்டாம், ஷோரூம் பேரும் வேண்டாம்) வழவழன்னு ஒரு தாளை விரிச்சு, "இன்ஜின், கியர்பாக்ஸ் ரெண்டும் கவர் ஆயிடும் சார், நீங்க பெட்ரோல் மட்டும் போடுங்க"ன்னான். தாளோட தலையில கார் கம்பெனி முத்திரை. அதைப் பார்த்துத்தான் நம்பினேன். பணம் கட்டி ஒரு வாரம் கழிச்சு மெயில்ல வந்த 38 பக்கத்தை நான் திறக்கவே இல்ல. யாருதான் திறக்குறா?

ஆட்டோமேட்டிக் வண்டி. போன மாசம் ரெண்டாவது கியர்லேர்ந்து மூணாவதுக்குப் போறப்ப இன்ஜின் மட்டும் கத்தும், வண்டி இழுக்காது. அப்புறம் பின்னாடியிருந்து யாரோ எட்டி உதைச்ச மாதிரி ஒரு குலுக்கு. மூணாம் நாள் ரிவர்ஸே விழல. டோ பண்ணிக் கொண்டு போனேன். ஸ்கேனர் மாட்டினா பி0730, அதாவது கியர் விகிதம் தப்புன்னு ஒரு கோட். உள்ளே ஏதோ வழுக்குதுன்னு அது சொல்லும். ஏன் வழுக்குதுன்னு சொல்லாது.

"பிரிச்சு வச்சாதான் சார் சர்வேயர் (கிளெய்மைச் சோதிக்க வர்றவர்) வந்து பார்ப்பார். இங்க ஒரு கையெழுத்து, ஃபார்மாலிட்டிதான்"னு சர்வீஸ் அட்வைசர் பேனா மூடியை அவரே கழட்டி நீட்டினார். போட்டேன். கிளெய்ம் தள்ளுபடி ஆனா பிரிச்ச கூலி, திரும்பப் பூட்டுற கூலி எல்லாம் என் தலையிலன்னு அந்தத் தாள்லயே இருந்திருக்கு.

சர்வேயர் பத்து நிமிஷம் இருந்தார். ட்ரேயில கருகின ஆயில், பக்கத்துல கிளட்ச் பிளேட்டுங்க. ஒண்ணுல பிடிமானம் குடுக்கிற லைனிங்கே இல்ல, வெறும் தகடு. கூட இருக்கிற ஸ்டீல் பிளேட்டுல சூடு பட்டு நீலநீலமாத் திட்டு. போட்டோ எடுத்துட்டுப் போயிட்டார். நாலு நாள் கழிச்சு ரெண்டு வரி மெயில்: தேய்மானம், வாரண்டியில் அடங்காது. போனஸா இன்னொண்ணு, ஒரு சர்வீஸ் 1,400 கிலோமீட்டர் லேட்டாம். அந்த சர்வீஸைப் பண்ணினதே இதே ஒர்க்‌ஷாப்தான்! அன்னைக்கு ஒருத்தரும் வாயைத் திறக்கல.

அப்புறம்தான் 38 பக்கத்தையும் படிச்சேன். கிளட்ச் பிளேட் விலக்குப் பட்டியல்ல இருக்கு. ஆனா வால்வு பாடியும் (ஆயில் பிரஷரை கிளட்சுங்களுக்குப் பிரிச்சு விடுற பாகம்) சோலினாய்டும் (அதுல இருக்கிற மின்சார வால்வு) கவர்ல இருக்கு. வால்வு பாடியில கோளாறு வந்து ஆயில் பிரஷர் குறைஞ்சா பிளேட் சரியாப் பிடிக்காது, வழுக்கும், வழுக்கினா எரியும். அப்ப எது முதல்ல போச்சு? இதை ஒர்க்‌ஷாப்புல கேட்டதுக்கு வந்த பதில்தான் வயிறு எரிய வச்சுது: "அது பிரிக்கிறதுக்கு முன்னாடி பிரஷர் டெஸ்ட் எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும் சார்." பிரிக்கச் சொன்னது யாரு?

அங்கேர்ந்து பந்தாட்டம். ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டா "நாங்க ரிப்பேர் மட்டும்தான், வாரண்டி அவங்க." வாரண்டிக்குப் போட்டா "டெக்னிக்கல் டீம் திரும்பக் கூப்பிடுவாங்க." கூப்பிடல. கார் கம்பெனிக்குப் போட்டா "அது எங்க வாரண்டியே இல்ல சார், வேற நிறுவனத்தோட ஒப்பந்தம்." சான்றிதழோட கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல நான் கேள்விப்படாத ஒரு பேர். முத்திரை முன்னாடி, முதலாளி பின்னாடி. இதுக்கு நடுவுல ஒர்க்‌ஷாப், "வண்டியை எடுக்கலேன்னா தினம் பார்க்கிங் சார்ஜ் விழும்." கியர்பாக்ஸ் இல்லாத வண்டியை எப்படிடா எடுக்கிறது? கட்டினேன். மூணு மாசச் சம்பளம். வாரண்டிக்குன்னு கட்டின பணம் இந்தக் கணக்குல வரல.

என்னென்ன செய்யணும்னு விலாவாரியா எழுதத்தான் உக்காந்தேன். கோபத்துல ஒண்ணும் கோர்வையா வரல. சட்டுன்னு சொல்றேன். எழுத்துல அப்ரூவல் வராம பிரிக்க விடாதீங்க. அதுக்கு முன்னாடி பிரஷர் டெஸ்ட் ரிப்போர்ட்டும் ஸ்கேன் பிரிண்டும் கையில வாங்கிடுங்க. பணம் குடுக்கிற நிறுவனம் எதுன்னு சான்றிதழ்ல தேடுங்க, விலக்குப் பட்டியலை முதல்ல படிங்க. வண்டி வழுக்குதுன்னு தெரிஞ்சா ஓட்டாதீங்க, நான் மூணு நாள் ஓட்டினதையும் மெயில்ல குத்திக் காட்டினாங்க.

கழட்டின பழைய சாமானைக் கேட்டு வாங்கிக்குங்க. நான் சண்டை போட்டு வாங்கிட்டு வந்தேன். ஹால்ல ஒரு பக்கெட்ல கெடக்கு, வீடு பூரா கருகின ஆயில் நாத்தம்.