குழுவில் ஒருவரா, வந்துபோகிறவரா?

மனநோயிலிருந்து மீண்டு, பயிற்சி பெற்று, பிறருக்குத் துணைநிற்பவர்களுக்கான சான்றிதழ்த் திட்டத்தை சிங்கப்பூரின் தேசிய சமூக சேவை மன்றம் 2016இல் தொடங்கியது. சரி, இவர்களை மனநலக் குழுவில் எப்படிச் சேர்ப்பது?

அவ்வப்போது வந்து நோயாளிகளோடு குழு உரையாடல் மட்டும் நடத்துவது ஒரு வழி. ஊழியர்களுக்கு நிம்மதி, நோயாளியின் ரகசியம் பற்றிய கேள்விகள் குறைவு.

மற்றொன்று, தாதியர், சமூக சேவகரோடு கலந்தாலோசனையிலும் அமர்வது. இங்கேதான் தயக்கம்: வேலைப் பளுவில் நோய் திரும்பினால்? நியாயமான அக்கறைதான். ஆனால் மேற்பார்வையும் ஓய்வும் எல்லா ஊழியருக்கும் தேவைதானே! மாத்திரை தரும் மந்தம், ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி நோயை மறைக்கும் நம் குடும்பங்கள்... இதையெல்லாம் அனுபவித்தவர் எடுத்துச் சொன்னால் சிகிச்சை முடிவே மாறலாம். என் தேர்வு இதுதான், அவருடைய பொறுப்பு என்னவென்று முதலிலேயே எழுதிவைத்தால்.